கைகள் கற்றதும் கைவிட்டதும்: பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்

ஒரே பன்னிரண்டு உருப்படிகளை ஒரு கலைஞர் தம் வாழ்நாளில் மூன்று முறை எழுதினார். முதன்முறை எழுதியபோது அவர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர். நன்கு பயின்ற மாணவனின் கையெழுத்தைப் போல அவை ஒழுங்கும் எளிமையும் கொண்டிருந்தன. இரண்டாம் முறை எழுதியபோது இருபத்தைந்து வயதைக் கடந்த இளைஞர். அப்போது அவை அவரைத் தவிர வேறொருவர் தொடத் துணியாத அளவுக்கு அடர்ந்து, செறிந்து, கொந்தளித்தன. மூன்றாம் முறை அவற்றைக் கையில் எடுத்தபோது அவருக்கு நாற்பது வயதாகிக்கொண்டிருந்தது. அந்த முறை அவர் செய்த வேலையில் பெரும்பகுதி அடித்தலும் நீக்கலுமே. பியானோ என்னும் கருவியின் வாசிப்புக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்ஙனம் வளர்ந்தது என்பதையும், அதை வளர்த்த ஃபிரான்ஸ் லிஸ்ட் என்னும் மனிதர் எங்ஙனம் முதிர்ந்தார் என்பதையும் அறிய விரும்புவோர்க்கு இம்மூன்று வடிவங்களும் சான்றாக நிற்கின்றன.

அன்றைய ஹங்கேரி அரசுக்குட்பட்டதும் இன்று ஆஸ்திரிய எல்லைக்குள் இருப்பதுமான ரைடிங் என்னும் சிற்றூரில் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் லிஸ்ட் பிறந்தார். தந்தை ஆடம் லிஸ்ட், எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் ஆட்டுப்பண்ணைகளை மேற்பார்க்கும் ஊழியர். இளமையில் அதே பிரபுக்களின் இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். இசையைத் தொழிலாகக் கொள்ள இயலாமற்போன ஏக்கம் அவர் நெஞ்சில் ஆறாதிருந்தது. அந்த ஏக்கத்தின் முழு எடையும் ஒரே மகனின் மேல் இறங்கியது. சிறுவனின் வாசிப்பைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர் உதவித்தொகை வழங்க முன்வந்தனர். 1822இல் குடும்பம் ஊரை விட்டு வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது.

வியன்னாவில் சிறுவனுக்குக் கிடைத்த ஆசான் கார்ல் செர்னி. அவர் பேத்தோவனிடம் நேரில் பயின்றவர். பியானோ கற்கும் பிள்ளைகள் இன்றளவும் அவருடைய பயிற்சி நூல்களிலேயே விரல் பழக்குகிறார்கள். தம்முன் வந்து அமர்ந்த சிறுவனிடம் வேகமும் துணிவும் அளவின்றி இருப்பதையும், விரல் ஒழுங்கும் தாளக் கட்டும் அறவே இல்லாதிருப்பதையும் செர்னி கண்டார். பிள்ளை விரும்பிய பெரிய உருப்படிகளை ஒதுக்கி வைத்து, அடிப்படைப் பயிற்சிகளையே மாதக்கணக்கில் வாசிக்கச் செய்தார். சிறுவனுக்கு அது கசந்தது. ஆயினும் சில பாடங்களுக்குப் பின் செர்னி கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். இசையமைப்பு கற்பித்த முதியவர் சாலியேரியும் அவ்வாறே காசு பெறாமல் கற்பித்தார். இந்த இரண்டு கொடைகளையும் லிஸ்ட் தம் இறுதிநாள் வரை மறக்கவில்லை.

அக்காலத்துப் பியானோ வாசிப்பு எத்தகையது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வியன்னாவில் செய்யப்பட்ட பியானோக்கள் மரச்சட்டம் கொண்டவை, எடை குறைந்தவை. அவற்றின் கட்டைகள் இலேசாகத் தொட்டாலே அழுந்தும். ஆகவே வாசிப்பு முழுவதும் விரல்களின் வேலையாக இருந்தது. முழங்கை உடலை ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு அசையலாகாது, புறங்கையில் ஒரு நாணயத்தை வைத்தாலும் அது விழாமல் விரல்கள் மட்டும் எழுந்து தாழ வேண்டும். இதுவே பழைய ஆசான்களின் கண்டிப்பு. தெளிவும் சமநிலையும் இம்முறையின் அழகுகள். ஆனால் ஆயிரம் பேர் அமரும் அரங்கை நிரப்பும் ஒலியை விரல்களால் மட்டும் எழுப்பிவிட முடியாது.

1823இல் தந்தையும் மகனும் பாரிஸ் சென்றனர். அந்நகரின் புகழ்பெற்ற இசைக் கல்லூரி, அயல்நாட்டார்க்கு அங்கே இடமில்லை என்னும் விதியைக் காட்டிச் சிறுவனைச் சேர்க்க மறுத்தது. அந்த ஏமாற்றத்தின் நடுவே நற்பேறாக வாய்த்தது எரார்டு என்னும் பியானோ தயாரிப்புக் குடும்பத்தாரின் நட்பு. அவர்கள் 1821இல் உரிமம் பெற்றிருந்த புதிய பொறியமைப்பு பியானோவின் வரலாற்றையே மாற்றவல்லதாக இருந்தது. அதுவரை ஒரு கட்டையை மறுமுறை ஒலிக்கச் செய்ய, அது முழுவதும் மேலெழும் வரை காத்திருக்க வேண்டும். புதிய அமைப்பிலோ கட்டை பாதியளவு எழுந்ததுமே சுத்தியல் மீண்டும் தந்தியை அடிக்க ஆயத்தமாகிவிடும். ஒரே சுரத்தை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது அதனால் கைகூடியது. கருவி செய்வோனின் பட்டறையில் திறந்த அந்தக் கதவின் வழியேதான் லிஸ்டின் பிற்காலக் கலை உள்ளே நுழைந்தது.

பாரிசும் இலண்டனும் சிறுவனைக் கொண்டாடின. முதற்பன்னிரண்டு பயிற்சி உருப்படிகள் 1826இல் அச்சேறின. செர்னியின் சாயல் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டே, பயணத்தில் நோயுற்ற தந்தை பிரான்சின் கடற்கரை நகரான பூலோனில் காலமானார். பதினைந்து வயதில் குடும்பப் பொறுப்பு லிஸ்டின் தோளில் ஏறியது. தாயைப் பாரிசுக்கு வரவழைத்து, வீடு வீடாகச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். மாணவியரில் ஒருத்தி அமைச்சர் ஒருவரின் மகள். இருவருக்கும் இடையே மலர்ந்த அன்பை அமைச்சர் ஒரு சொல்லில் முறித்தார். அந்த அடியில் லிஸ்ட் நோயில் விழுந்தார். 1828இல் பாரிஸ் இதழொன்று அவர் இறந்துவிட்டதாகவே எண்ணி இரங்கற் செய்தி வெளியிட்டது. பியானோவின் மேல் அவருக்கிருந்த பற்று தளர்ந்தது. துறவியாகிவிடவும் எண்ணினார், தாய் தடுத்தார்.

அவரை மீண்டும் கருவியிடம் அழைத்து வந்தவர் ஒரு வயலின் கலைஞர். 1832ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், பாரிசில் வாந்திபேதி நோய் மக்களைக் கொள்ளை கொண்டிருந்த நாட்களில், இத்தாலியரான பாகனீனியின் வாசிப்பை லிஸ்ட் கேட்டார். நான்கு தந்திகளில் ஒரு மனிதர் அதுவரை எவரும் கேட்டிராத உலகொன்றை எழுப்பிக் காட்டினார். பியானோவில் அதற்கு இணையாக எதுவும் இல்லை என்பது இருபது வயது இளைஞருக்கு ஒரு நொடியில் விளங்கியது. தாம் கற்றது முடிந்துவிடவில்லை, இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்று உணர்ந்தார்.

பின்னர் நிகழ்ந்ததை நம் இசையுலகச் சொல்லால் அசுர சாதகம் எனலாம். ஒவ்வொரு நாளும் நான்கைந்து மணிநேரம் வெறும் பயிற்சிகளுக்கென்றே ஒதுக்கினார். இரட்டைச் சுரங்களின் ஓட்டம், ஒரே சுரத்தின் விரைந்த மறுவொலி, இரு சுரங்களிடையே நடுங்கும் அதிர்வு, எட்டுச்சுர இடைவெளியை ஒரே கையால் பற்றி விரையும் ஓட்டம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தெடுத்துப் பழகினார். எஞ்சிய நேரத்தில் ஹோமரையும், விவிலியத்தையும், பிளேட்டோவையும், தம் காலத்துக் கவிஞர்களையும் படித்தார். பள்ளிக் கல்வி பெறாத குறையைத் தாமே நிறைத்துக் கொள்ள முனைந்தார்.

இந்தச் சாதகத்தில் பிறந்தது புதியதொரு உடலியக்கம். விரலின் வலிமை போதாத இடத்தில் மணிக்கட்டும், முன்கையும், தோளும், முதுகும் துணைக்கு வந்தன. கையைக் கட்டைகளின் மேல் நிறுத்தி வைக்காமல், மேலிருந்து அதன் எடையை விழச் செய்தார். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி இறக்கி, ஒரே மனிதர் இருவரைப் போல் ஒலிக்கச் செய்தார். கருவியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கண் இமைப்பதற்குள் தாவினார். பெருவிரல்கள் நடுவே பாட்டை இசைக்க, மற்ற விரல்கள் மேலும் கீழும் நீர்த்திவலைகளைப் போலச் சுரங்களைத் தூவின. இவற்றிற் சில தால்பர்க் போன்ற சமகாலத்தவரிடமும் இருந்தன. தால்பர்க் வாசித்தால் மூன்று கைகள் இருப்பதாகத் தோன்றும் என்று மக்கள் வியந்தனர். 1837 மார்ச்சு மாதத்தில் பாரிசில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் இருவரும் ஒரே மேடையில் வாசித்தனர். யார் வென்றார் என்ற வாதம் அன்றும் தீரவில்லை. ஆனால் தால்பர்க்கின் உருப்படிகளை இன்று தேடி வாசிப்போர் அரியர். ஒன்றைச் செய்து காட்டும் திறன் மட்டும் காலத்தைக் கடக்கப் போதாது என்பதற்கு அதுவே சான்று.

அந்நாளைய பாரிசில் ஷோப்பனும் இருந்தார். 1833இல் வெளியான தம் முதல் எட்யூடுத் தொகுப்பை அவர் லிஸ்டுக்கே காணிக்கையாக்கியிருந்தார். பயிற்சிக்கென எழுதப்படும் உருப்படியும் கவிதையாக முடியும் என்பதை அத்தொகுப்பு காட்டியது. லிஸ்ட் தம் சிறுவயதுப் பன்னிரண்டையும் 1837இல் மீண்டும் எடுத்துத் திருத்தி எழுதினார். சிறுவன் நட்ட நாற்றுகள் இப்போது அடர்வனமாகிவிட்டன. சாதகத்தில் பெற்ற அனைத்தையும், ஒன்றையும் விடாமல், அவற்றுள் கொட்டினார். உலகெங்கும் தேடினாலும் அவற்றை வாசிக்க வல்லவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே என்று ஷூமன் மதிப்புரை எழுதினார். அது பாராட்டும் எச்சரிக்கையுமாக இருந்தது.

1839 முதல் எட்டாண்டுகள் ஐரோப்பா முழுவதும் லிஸ்ட் சுற்றினார். அதற்குமுன் பியானோ வாசிப்பவர் தனித்து ஒரு மாலையை நிறைக்கும் வழக்கம் இல்லை. பாடகர், வயலின் கலைஞர், இசைக்குழு ஆகியோர் நடுவே அவருக்கும் ஓரிடம் கிடைக்கும், அவ்வளவே. லிஸ்ட் 1839இல் ரோமாபுரியில் தனியொருவராக மேடையேறினார். அடுத்த ஆண்டு இலண்டனில் தனிக் கச்சேரி என்னும் வடிவத்துக்குரிய ஆங்கிலப் பெயர் அவர் பொருட்டு வழக்குக்கு வந்தது. பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி, மூடியை அரங்கை நோக்கித் திறந்து, பெரும்பாலும் ஏட்டைப் பாராமல் மனப்பாடமாக வாசித்தார். இன்று எந்த நாட்டு மேடையிலும் நாம் காணும் காட்சி அவரும், அவரையொத்த கிளாரா ஷூமன் போன்றோரும் நிலைநிறுத்தியதே.

தனி மாலையை நிரப்பத் தனி நூலகம் வேண்டியிருந்தது. பாக்கின் கட்டுக்கோப்பான இசையையும் பேத்தோவனின் கடினமான சொனாட்டாக்களையும் அவர் மேடையேற்றினார். பேத்தோவனின் மிகப் பெரிய சொனாட்டாவை, வாசிக்க இயலாதது என்று ஒதுக்கப்பட்டிருந்ததை, 1836இல் பாரிசில் வாசித்தார்; இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஏட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு சுரமாகச் சரிபார்த்து வியந்தார். இசைக்குழுக்கள் இல்லாத ஊர்களுக்கு சிம்ஃபனிகளைப் பியானோ வடிவில் கொண்டு சென்றார். ஷூபர்ட்டின் பாடல்களைச் சொற்களின்றிப் பாட வைத்தார். 1841ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் வந்தவர் பத்து வாரங்களில் இருபத்தொரு கச்சேரிகள் செய்தார். ஆறு வெண்குதிரைகள் பூட்டிய வண்டியில் அந்நகரம் அவரை வழியனுப்பி வைத்தது. மக்களைப் பற்றிய அந்த மயக்கத்துக்குக் கவிஞர் ஹைனே ஒரு நோயின் பெயரைப் போலவே பெயர் சூட்டினார்.

பணம் வெள்ளமாக வந்தது, வந்தவாறே சென்றது. 1838இல் பெஸ்டு நகரை அழித்த தான்யூப் வெள்ளத்துக்காக வியன்னாவில் வாசித்து நிதி திரட்டினார். பான் நகரில் பேத்தோவனுக்குச் சிலையெழுப்பும் பணி நிதியின்றித் தளர்ந்தபோது பெருந்தொகை தந்து தாங்கினார். 1845இல் சிலை திறக்கப்பட்டது. ஆயினும் இந்தப் புகழின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அவருக்காகக் கணவரையும் குலப்பெருமையையும் துறந்து வந்த மரீ தாகூல் சீமாட்டி, ஆண்டின் பெரும்பகுதியைத் தனிமையில் கழித்தார். 1844இல் அவ்வுறவு முறிந்தது. பிளாந்தீன், கோசிமா, தானியல் என்னும் மூன்று குழந்தைகளும் பாட்டியின் மடியில் வளர்ந்தன. தந்தையின் முகத்தை அவை ஆண்டுக்கணக்கில் காணவில்லை.

1847 செப்டம்பரில், இன்று உக்ரைனில் க்ரோப்பிவ்னித்ஸ்கி எனப்படும் எலிசவேத்கிராத் நகரில் ஒரு கச்சேரி நடந்தது. அதன்பின் தம் ஊதியத்துக்காக லிஸ்ட் மேடையேறவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. கை தளரவில்லை, கூட்டம் குறையவில்லை, எதிர்த்து நிற்பவரும் இல்லை. உச்சியில் நின்றிருந்தவர் தாமே இறங்கி நடந்தார். அதே ஆண்டில் கீவ் நகரில் அறிமுகமாகியிருந்த கரோலின் சீமாட்டியின் அறிவுரையும், படைப்புக்கென நேரம் வேண்டும் என்று நெடுநாளாக நெஞ்சில் இருந்த தவிப்பும் சேர்ந்து அவரை வைமார் என்னும் சிறு நகருக்குக் கொண்டு சேர்த்தன.

வைமாரில்தான் 1851இல் அந்தப் பன்னிரண்டு உருப்படிகளும் மூன்றாம் முறை மேசைக்கு வந்தன. கை எட்டாத அகன்ற பிடிகளை நீக்கினார். ஒலியைப் பெருக்கவென்று அடுக்கிய சுரங்களைக் களைந்தார். விரல் வித்தைக்காக மட்டும் நின்ற பகுதிகளை வெட்டினார். பத்து உருப்படிகளுக்குப் பெயர் சூட்டினார். பனிப்புயலும், இரவில் அலையும் கொள்ளிச் சுடரும், அந்திப் பொழுதின் மணியோசையும் அவற்றுள் அடங்கும். முன்பு இரைச்சலில் புதைந்திருந்த பாட்டு இப்போது மேலெழுந்தது. இப்போதும் அவை கடினமானவையே. ஆனால் அந்தக் கடினத்தில் வீண் இல்லை. அடுத்த ஆண்டு அச்சேறியபோது அவற்றைத் தம் பழைய ஆசான் செர்னிக்கே காணிக்கையாக்கினார். உலகம் இன்று வாசிப்பது இந்த மூன்றாம் வடிவத்தையே. பாகனீனியின் மணியோசை உருப்படிக்கும் அவ்வாறே நிகழ்ந்தது: 1838இன் கனத்த வடிவம் மறைந்து, 1851இன் மெல்லிய வடிவம் நிலைத்தது.

அவருடைய பியானோப் படைப்புகளின் சிகரம் எனப்படும் பி மைனர் சொனாட்டா 1853இல் நிறைவுற்றது. ஏறக்குறைய அரைமணிநேரம் இடைவெளியின்றி ஓடும் அப்படைப்பு ஒரு சில சிறு இசைவித்துகளிலிருந்து முளைத்துப் பரவுகிறது. தொடக்கத்தில் அச்சுறுத்தலாக ஒலிக்கும் வித்து பின்னர் காதற்பாட்டாகக் கனிகிறது. கையெழுத்துப் படியில் அது பேரொலியுடன் முடிவதாகவே முதலில் எழுதியிருந்தார். அந்த முடிவைக் கோடிட்டு அடித்துவிட்டு அமைதியான மற்றொன்றை எழுதினார். அரங்கம் அதிர எழுந்து நிற்கும் கைதட்டலை எவ்வாறு வரவழைப்பது என்பதை உலகில் எவரினும் நன்கறிந்த மனிதர், தம் ஒரே பியானோ சொனாட்டாவைத் தாழ்ந்த ஒற்றைச் சுரமொன்றில் அடக்கி முடித்தார். ஷூமனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அதன் படி வீடு சென்றபோது, ஷூமன் மனநோய் இல்லத்தில் இருந்தார். வாசித்துக் கேட்ட கிளாராவுக்கு அது வெற்றிரைச்சலாகவே பட்டது. 1857இல் பெர்லினில் மாணவர் ஹான்ஸ் ஃபான் பியூலோ முதன்முதலாக மேடையேற்றியபோது ஏடுகள் இகழ்ந்தன. லிஸ்ட் மறுமொழி எழுதவில்லை.

இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. மகன் தானியல் இருபது வயதில் 1859இலும், மகள் பிளாந்தீன் 1862இலும் மறைந்தனர். கரோலின் சீமாட்டியுடன் 1861இல் ரோமாபுரியில் நிகழவிருந்த திருமணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. நகருக்கு வெளியே ஒரு மடத்துச் சிற்றறையில் தங்கி, சுரமொன்று ஒலிக்காத பழைய சிறு பியானோவை வைத்துக்கொண்டு எழுதினார். 1865இல் திருச்சபையின் தொடக்கநிலைத் துறவுப் பட்டங்களை ஏற்றுக் கறுப்பு அங்கி அணிந்தார். இளமையில் தாய் தடுத்த ஆசை அங்ஙனம் பாதியளவு நிறைவேறியது.

1869க்குப் பிறகு ரோமாபுரி, வைமார், புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே ஆண்டுதோறும் அலைந்தார். 1875இல் தொடங்கப்பட்ட புடாபெஸ்ட் இசைக் கழகத்தின் முதல் தலைவரானார். வைமாரில் பிற்பகல்தோறும் அவர் இல்லத்தில் மாணவர் கூடுவர். ஏடுகள் மேசைமேல் குவிந்திருக்கும். அவர் ஒன்றை எடுத்து இதை வாசிப்பவர் யார் என்று வினவுவார். விரல் பயிற்சியைப் பற்றி அங்கே பேச்சில்லை. அது வீட்டில் முடித்துவர வேண்டிய வேலை. இசையின் பொருள் மட்டுமே பேசப்படும். எவரிடமும் ஒரு காசும் பெறவில்லை. செர்னியும் சாலியேரியும் தந்ததை வட்டியுடன் திருப்பிக் கொடுத்தார் எனலாம். டால்பேர், சாவர், ரோசந்தால், லாமண்டு, சிலோட்டி என அங்கு பயின்றவர்கள் உலகெங்கும் பரவினர். அவர்களுள் ஒருவரான தோமான் பின்னாளில் பார்டோக்கின் ஆசிரியரானார்.

1881இல் வைமார் இல்லத்தின் படிக்கட்டில் தவறி விழுந்தபின் உடல் நலிந்தது. கண்ணில் புரை படர்ந்தது. அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய சிறு உருப்படிகள் பழைய லிஸ்டை அறிந்தோரைத் திகைக்க வைத்தன. ஓரிரு சுரங்கள், நெடிய மௌனம், முடிவுக்கு வராத முடிவு. 1882இன் இறுதியில் வெனிசில் மருமகன் வாக்னரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, கால்வாய்களில் செல்லும் சவப்படகுகளைக் கண்டு ஓர் இரங்கற் படைப்பை எழுதினார். சில வாரங்களில், 1883 பிப்ரவரியில், வாக்னரின் உடலே அவ்வழியே சென்றது. அந்த வாக்னரும் முதியவரின் புதுப்படைப்புகளை அறிவுத் தளர்ச்சியின் அறிகுறியாகவே கருதினார். பதிப்பாளர்கள் அவற்றுட் பலவற்றை விரும்பவில்லை. சுருதிமையம் என்பதையே துறந்து 1885இல் எழுதிய சிற்றுருப்படி 1956இல்தான் அச்சு கண்டது. கேட்பாரில்லை என்பது தெரிந்தும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

1886 ஜூலை 31ஆம் நாள், வாக்னர் விழாவின் ஆரவாரத்துக்கிடையே, பைராய்த் நகரில் நுரையீரல் அழற்சியால் லிஸ்ட் காலமானார். விழாவை நடத்திக்கொண்டிருந்த மகள் கோசிமாவின் அழைப்பை ஏற்று, நலிந்த உடலோடு அங்கு வந்திருந்தார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. ஐரோப்பாவை மயக்கிய அந்தக் கைகளின் ஒலி அவற்றைக் கேட்டோருடன் மறைந்துவிட்டது. எஞ்சியவை ஏடுகளே. அவருடைய பெருமையை மதிப்பிட்டு 1936இல் ஹங்கேரிய அறிவியற் கழகத்தில் உரையாற்றிய பார்டோக், புதிய இசைக்கு வழிதிறந்தவராகவே அவரைக் கண்டார்.

1881இல் அவர் எழுதிய சாம்பல்நிற மேகங்கள் என்னும் உருப்படி நாற்பத்தெட்டே அளவுகள் கொண்டது. ஓரிரண்டு ஆண்டுகள் பியானோ பயின்ற பிள்ளை அதன் சுரங்களைத் தடையின்றி வாசித்துவிடலாம். 1826இல் பன்னிரண்டு பயிற்சிகளை எழுதிய அந்தச் சிறுவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திராது. ஆனால் அதை எழுத, வாசிக்க முடியாதவற்றையெல்லாம் ஒருமுறை வாசித்துத் தீர்த்த எழுபது வயதுக் கை வேண்டியிருந்தது.